பசி இல்லாதவர்க்கு இட்டது

“இது எந்தச் சாமிக்குப் படைச்சதும்மா?” என்று எங்கள் தெருவிலுள்ள பெரியம்மா ஒருவர் கேட்டார். கேட்டவர், ஆடிக் கூழும் கார்த்திகைப் பொரியும் தீபாவளி நோன்பு அதிரசமுமாக, ஏதேனும் ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த பண்டங்களையன்றி வேறெதையும் அண்டை வீட்டுத் தட்டிலே கண்டறியாதவர். கேட்கப்பட்டவள், முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கும் இளம்பெண். ஓய்வு நாளொன்றில், வீட்டிலேயே சிறியதொரு மின்சார ஓவனில், சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவிச் சுருட்டிய பன்களைச் சுட்டெடுத்து, சூடு ஆறுவதற்குள் தெருவிலே வீடு வீடாகக் கொடுத்து வந்தவள். “எந்தச் சாமிக்கும் படைக்கல பெரியம்மா, உங்களுக்குன்னுதான் செஞ்சேன்” என்று அவள் சொன்னாள். பெரியம்மா தட்டை வாங்கி முகர்ந்து பார்த்து, “இனிப்புல குருமா வாசனை வருதே” என்றார்; முட்டை சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்தார்; அவர் வீட்டுக்கென்று முட்டை சேர்க்காமல் தனியே பிசைந்தது என்று அறிந்ததும் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டார். ஆயினும், முதலில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த அதிருப்தியை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓர் இல்லத்தின் அடுக்களையிலிருந்து உணவு வாசற்படி தாண்டிச் செல்லுவதற்கு நம் சமயங்கள் பெரும்பாலும் இரண்டு மார்க்கங்களையே வகுத்திருக்கின்றன. தெய்வத்துக்கு நைவேத்தியமாகிப் பிறகு பிரசாதமாகப் பலருக்கும் பங்காவது ஒன்று. பசித்தவனுக்கு அன்னமாவது மற்றொன்று. (விருந்தினர் வீட்டுக்குள் வந்து உண்பவராதலால் அவரை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை.) தனக்கென்று மட்டும் சமைத்துத் தனித்து உண்பவன் உண்பது சோறன்று, பாவமே என்னும் கருத்து ரிக் வேதத்திலும் உண்டு, கீதையிலும் உண்டு, ஆனால் அந்தப் பாவத்தினின்று தப்புவதற்கு அந்நூல்கள் காட்டும் வழியும், வேள்வியில் இட்டு மிச்சத்தை உண்பது, இரப்பவனுக்கு ஈந்து உண்பது என்னும் இரண்டாகத்தான் அமைந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் பன்களோ எந்தத் தெய்வத்தின் முன்னும் வைக்கப்படவில்லை. அவற்றைப் பெற்றவர்களில் ஒருவரேனும் பசித்திருந்தவர் அல்லர். மாலைக் காபியை அப்பொழுதுதான் முடித்தவர்கள். தெய்வத்துக்கும் இடாமல், பசித்தவனுக்கும் இடாமல், வயிறு நிறைந்தவர்களுடைய நாவுக்கு மட்டும் இட்ட ஓர் இனிப்பு தர்மத்தின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது? ஒன்றையும் சேராமல் வெறும் லௌகிக உபசாரமாகவே நின்றுவிடுகிறதா? பெரியம்மாவின் கேள்விக்கு உள்ளே இருந்தது இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பண்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் பன் என்றால் தேநீர்க் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது, அல்லது காய்ச்சல்காரருக்குப் பாலில் தோய்த்துக் கொடுப்பது. வீட்டில் செய்யக்கூடிய பலகாரமாக அதை யாரும் எண்ணியதில்லை. அவ்வாறே பட்டை என்பது பிரியாணிக்கும் குருமாவுக்கும் உரிய மளிகைச் சரக்கேயன்றி இனிப்பில் சேர்ப்பதற்குரியதென்று நம் நாக்கு ஒப்புவதில்லை. இனிப்போடு அதைச் சேர்த்துப் பழகியவர்கள் ஐரோப்பியர்கள். இலங்கைக் கருவாப்பட்டையின் வாசனைக்காகப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அத்தீவின் கரையோரங்களைப் பிடித்துக்கொண்ட சரித்திரத்தை விரிப்பதற்கு இது இடமன்று. அந்தச் சரக்கு வடகோடியிலுள்ள ஸ்வீடன் தேசத்து அடுக்களைகள் வரையில் சென்று தங்கி, அங்கே வீட்டுக்கு வீடு சுடும் பன்னாகி, 1999-ஆம் ஆண்டு முதல் அக்டோபர் 4-ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடும் அளவுக்குப் பெருமை பெற்றது. அந்தக் கொண்டாட்டத்தைத் தொடங்கிய சங்கத்துக்குப் பின்னால் மாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் விற்கும் வியாபாரிகள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமி இல்லாத பண்டிகைக்கும் உபயதாரர் வேண்டியிருக்கிறது!

முண்டியம்பாக்கத்துக்கு இந்தப் பண்டத்தில் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரவைக் காலத்தில் இவ்வூர் வழியே கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை பிடித்து நிற்பதையும், சர்க்கரை ஆலையின் வாசனை விக்கிரவாண்டிச் சாலை வரையில் காற்றிலே கனத்து நிற்பதையும் அறியாதவர்கள் இப்பக்கத்தில் இல்லை. இனிப்பை மூட்டை மூட்டையாக உலகத்துக்கு அனுப்பும் ஊரில், அதில் ஒரு கரண்டி அண்டை வீட்டாருக்கு எந்த நியாயத்தின்படி போய்ச் சேர வேண்டும் என்று யோசிப்பது பொருத்தமற்ற காரியம் ஆகாது.

பன் செய்வதை அருகிலிருந்து பார்த்தால், அது அதிரசத்துக்கு அவ்வளவு தூரமான உறவன்று என்பது விளங்கும். அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலிலே உலர்த்தி, ஈரம் முற்றும் போகாத பதத்தில் இடித்துச் சலித்து, வெல்லப் பாகு நீரிலே விட்டால் உருண்டு திரளும் சமயம் பார்த்து மாவைக் கொட்டிக் கிளறி, ஏலக்காயும் சுக்கும் சேர்த்து, நாட்கணக்கில் மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். பன்னுக்கு மைதாவை வெதுவெதுப்பான பாலும் ஈஸ்ட்டும் விட்டுப் பிசைந்து, இரட்டித்து உப்பும் வரையில் வைத்திருந்து, பரத்தி, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவிச் சுருட்டி, துண்டாக்கி, மறுபடியும் உப்ப விட்டுச் சுட வேண்டும். நம் சித்திரை வெயிலில் மாவு ஸ்வீடனில் காட்டாத வேகத்தைக் காட்டிவிடும் என்பதொன்றே வேற்றுமை. இரண்டும் ஒருவருக்காக மட்டும் செய்ய மனம் வராத பண்டங்கள். பட்ட பாட்டுக்கு ஒரு தட்டு நிறையவேனும் வேண்டும் என்று கை தானே அளவைக் கூட்டிவிடுகிறது. ஆனால் ஒரு பேதம் உண்டு: அதிரசம் தூக்கில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது, பன் மறுநாளே இறுகிப் பொலிவிழக்கும். சேமித்து வைக்கக்கூடியதைக் கொடுப்பதில் உலோபத்தை வெல்லும் முயற்சி ஒன்று இருக்கிறது. சேமிக்க இயலாததைக் கொடுப்பதில் அந்தப் பெருமை இல்லையே என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதுதான். எனினும், சேமிக்க இயலாததென்று தெரிந்தே, தன் தேவைக்கு மிஞ்சிய அளவில் அதைச் செய்யத் தொடங்கியவள், மாவில் கை வைப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டாள் என்றும் கொள்ளலாம் அல்லவா?

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் வள்ளுவரிடமிருந்து வருகிறது. ஈகை என்னும் அதிகாரத்தின் நுழைவாயிலிலேயே அவர், வறியவருக்குக் கொடுப்பதொன்றே கொடை, மற்றவர்க்குக் கொடுப்பதெல்லாம் கொடுத்த அளவே திரும்பி வரும் என்று கணக்கிட்டுக் கொடுக்கும் கைமாற்று என்னும் கருத்தை நிறுத்தியிருக்கிறார். இந்த உரைகல்லில் வைத்தால் தீபாவளிக் காலையில் தெருவெங்கும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் பலகாரத் தட்டுகள் அனைத்தும் மாற்றுக் குறைந்தனவாகவே தோன்றும். ஓர் அகத்திலிருந்து முறுக்கு வந்தால் அந்தத் தட்டிலே சோமாசி வைத்துத் திருப்புகிறோம். வைப்பதற்கு ஒன்றுமில்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருகிறோமேயன்றி வெறுந்தட்டைத் திருப்புவதில்லை. இதைக் கைமாற்று என்று சொல்லாமல் வேறென்ன சொல்லுவது?

ஆனால் வள்ளுவர் ஈகையைச் சொல்லுவதற்கு முந்தின அதிகாரத்திலேயே ஒப்புரவு என்னும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார் என்பதை மறக்கலாகாது. அங்கே அவர் எடுத்துக்காட்டுவன ஊரார் நீர் உண்ணும் குளமும், ஊர் நடுவே பழுத்து நிற்கும் மரமும், தன் உறுப்பெல்லாம் மருந்தாகும் மரமும். பழுத்த மரம் தன் கீழே வந்து நிற்பவனைப் பார்த்து, நீ பசித்தவனா, வெறுமனே ருசிக்க வந்தவனா என்று விசாரிப்பதில்லை. பழம் பசிக்கும் ஆகிறது, ஆசைக்கும் ஆகிறது. ஈகைக்கு வறுமை நிபந்தனையாக இருக்க, ஒப்புரவுக்கு அந்த நிபந்தனை இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தும் ஒன்றாக்காமல் விட்ட நுட்பத்தில்தான் நம் கேள்விக்கு முதற்படி இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் படி, இவ்வூருக்குத் தெற்கே, வடலூரில் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டில் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் முண்டியம்பாக்கமும் வடலூரும் ஒரே தென்னார்க்காட்டின் ஊர்கள்தாம். இராமலிங்க அடிகள் அங்கே 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கியதும், அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் இருப்பதும், வருவோர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேளாமல் சோறிடுவதும் யாவரும் அறிந்தவை. அடிகள் மறைந்த 1874-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஓரிரு வருஷங்களிலேயே சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அடுப்பு எத்தகைய காலத்தில் மூட்டப்பட்டது என்பது புலனாகும். பசியைப் பற்றி அவரைப்போல் கலங்கியவர் தமிழில் வேறொருவர் உண்டென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே, பசியற்றவர்க்கு இனிப்பு வழங்குவதை அவர் ஒரு பொருட்டாகவே மதித்திருக்க மாட்டார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் தம் உரைநடை நூலிலே சீவர்களுக்கு உண்டாகும் அபாயங்களை அவர் எண்ணிக் காட்டும்போது, பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று ஏழாகக் கணக்கிடுகிறார். பசியையும் கொலையையும் நீக்குவது பர சீவகாருணியம் என்றும், ஏனையவற்றை நீக்குவது அபர சீவகாருணியம் என்றும் தரம் பிரிக்கிறார். இந்தப் பட்டியலில் நான்காவதாக நிற்கும் இச்சையைக் கண்டு முதன்முறை வியந்து நின்றேன். துறவிகள் கண்டித்துப் பேசும் இச்சையை, ஓர் உயிர் அனுபவிக்கும் துன்பங்களுள் ஒன்றாக, பிணிக்கும் எளிமைக்கும் நடுவே அமர்த்தி, அதைத் தீர்ப்பதும் காருணியமே என்று ஒப்புக்கொண்டது சாமானியமான காரியமன்று. இரண்டாம் தரம் என்று அவர் சொன்னது மெய். எனினும் தரத்துக்கு வெளியே தள்ளிவிடவில்லை. பல் போன வயதில் ஓர் இனிப்புக்கு ஏங்கும் கிழவரின் ஏக்கத்தையும், பக்கத்து வீட்டில் எண்ணெய் காயும் வாசனை வந்ததும் வாசலுக்கு ஓடிவரும் குழந்தையின் ஆசையையும் உயிரின் இடரென்றே அறிந்துகொண்ட கருணை அது.

தெய்வத்துக்குப் படைக்காததைப் பற்றிய ஆட்சேபத்துக்கும் இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. உயிர்கள் கடவுளின் விளக்கத்துக்கு இடமானவை என்பது அடிகளின் கொள்கை. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே திருமூலர், நடமாடும் கோயிலாகிய மனிதர்க்கு இட்டது ஆலயத்து இறைவனையும் சென்று சேரும், ஆலயத்தில் இட்டது மனிதரைச் சென்று சேருவதில்லை என்ற கருத்தை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் சொன்ன “உங்களுக்குன்னுதான் செஞ்சேன்” என்னும் விடையை வைதிகமான செவி எவ்வாறு கேட்டாலும், திருமூலரின் செவிக்கு அது நிவேதன மந்திரமாகவே கேட்டிருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சி நிற்கிறது. இச்சை தீர்ப்பதும் காருணியமே எனினும், உலகில் பசி இருக்கும் வரையில், ஒரு தட்டு இனிப்பைப் பசியற்றவர்களிடையே சுற்றவிடுவது நியாயமா? அந்த மாவையும் வெண்ணெயையும் மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்து படுத்துக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கலாகாதா? கொடுக்கலாம்; கொடுக்கவும் வேண்டும்; அந்தக் கடமையை எந்தப் பலகாரமும் குறைத்துவிடாது. ஆனால் பசி தீர்ப்பதொன்றையே பகிர்தலின் முழுப் பொருளாகக் கொண்டவனுக்கு நேர்ந்த கதியை நம் மொழியின் பழங்காப்பியம் ஒன்று சொல்லியிருக்கிறது. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபிக்கு முன்னே உரியவனாயிருந்த ஆபுத்திரனுடைய கதை அது.

பெற்றவளால் கைவிடப்பட்டு, பசுவின் பாலால் உயிர் தப்பி, வேள்விப் பசுவைக் காக்கப்போய் ஊராரால் துரத்தப்பட்டு, மதுரைக்கு வந்து, பகலெல்லாம் பிச்சை எடுத்ததைக் குருடர்க்கும் முடவர்க்கும் இட்டுவிட்டு மிச்சத்தை உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தவன் அவன். அவனுக்குச் சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. அவனுடைய புண்ணியம் இந்திரனுடைய இருக்கையாகிய பாண்டு கம்பளத்தையே நடுங்கச் செய்ய, இந்திரன் கிழ வேதியனாக வந்து வேண்டிய வரத்தைக் கேள் என்கிறான். ஆபுத்திரன் விலா இறச் சிரிக்கிறான்: புண்ணியத்தின் பயனை நுகர்வாரையன்றி, அறம் செய்வாரும் இல்லாத, காக்கப்படுவாரும் இல்லாத உன் தேவலோகம் எனக்கு எதற்கு என்பது அவன் விடை. அவமானம் பொறாத இந்திரன் பழிவாங்கும் விதந்தான் அற்புதமானது. அவன் சாபம் இடவில்லை, பாத்திரத்தைப் பறிக்கவில்லை, பன்னிரண்டு ஆண்டு மழையின்றிக் கிடந்த பாண்டிய நாட்டிலே மழையைப் பொழிவிக்கிறான். வயல் விளைகிறது, பசி ஒழிகிறது, ஆபுத்திரனுடைய அம்பலம் வெறிச்சோடி, சோம்பேறிகளும் சூதாடிகளும் கூடிப் பேசும் இடமாகிறது. உண்பவர் உண்டோ என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிகிறவனை, இவன் யார் என்று கண்டோர் இகழ்கிறார்கள். பிறகு சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத தீவிலே, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறான்.

இதைப் படிக்குந்தோறும் இந்திரன்பால் ஏற்படும் கோபத்தைவிட ஆபுத்திரன்பால் ஏற்படும் இரக்கமே எனக்கு மிகுதி. நாட்டில் பசி ஒழிந்தது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அவனுக்கோ அது தொழில் போன செய்தியாகிவிட்டது. கொடுப்பவனாக மட்டுமே வாழக் கற்றவனுக்குக் கொள்பவன் வேண்டும். கொள்பவன் இருப்பதற்குப் பசி வேண்டும். ஆகவே அவனையும் அறியாமல் அவன் பஞ்சத்தைத் தேடிக் கப்பல் ஏறுகிறான். மழை பெய்த மதுரையிலே, வயிறு நிறைந்த மனிதர்களிடையே, ஒருவரோடொருவர் உறவாட ஒரு வழியும் அவனுக்குத் தெரியவில்லை. அமுதசுரபி சோற்றைத் தரும். ஆனால் அதிலிருந்து வரும் சோறு எவர் கையாலும் சமைக்கப்படாதது. அதில் ஒருவருடைய பொழுதும் இல்லை, கைப்பதமும் இல்லை, இன்னாருக்கென்று முன்கூட்டியே நினைத்த நினைவும் இல்லை. பசித்தவனுக்கு அவை தேவையில்லை, சோறு போதும். பசி தீர்ந்தவனுக்குக் கொடுக்க எஞ்சியிருப்பவையோ அவையே. பசி முடிகிற இடத்தில் அன்னதானம் நின்றுவிட, பலகாரத் தட்டு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

தட்டுக்குத் தட்டு திருப்புவதைப் பற்றி வள்ளுவர் எழுப்பிய ஆட்சேபத்தையும் இந்த இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். கணக்கு என்பது என்ன என்பதை நம் கோயில் கல்வெட்டுகள் நன்றாகக் காட்டுகின்றன. விழுப்புரத்துப் பக்கத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், 340 மாணாக்கர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். விஜயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளிலோ அதிரசப்படி, அப்பப்படி என்று பணியாரங்களுக்கும் கட்டளை உண்டு. நிவேதனமான பின் அவற்றில் கால் பங்கு, கட்டளை ஏற்படுத்தியவனுக்கு விட்டவன் விழுக்காடு என்ற பெயரால் உரிமையாயிற்று. இது தெய்வ சன்னிதியிலேயே நடந்த பங்கீடு, துல்லியமானது, பிசகாதது. நிர்வாகத்துக்கு அது வேண்டியதே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தெருவிலே தட்டு திரும்பி வருவது இந்த ரீதியில் அன்று. முறுக்குக்கு முறுக்கே வைத்துத் திருப்பினால் அது கடன் தீர்த்ததாகி, வைத்தவரே நகைப்புக்கு இடமாவார். வருவது வேறு பண்டம், வேறு அளவு, பெரும்பாலும் வேறு நாள். சமமாக்கிக் கணக்கை மூடிவிடக் கூடாது என்பதே அந்தச் சம்பிரதாயத்தின் எழுதப்படாத விதி. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ், 1925-இல் வெளியான தம் கட்டுரையிலே, பசிபிக் தீவு மக்களிடமும் அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இத்தகைய கொடுக்கல் வாங்கலைக் கண்டு, கொடுப்பது, ஏற்பது, திருப்புவது என்னும் மூன்றும் கடமைகளே என்று விளக்கினார். கடமை என்பது உண்மைதான். ஆனால் அதில் எவரும் தாழ்வதில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தருமச்சாலையில் எவ்வளவு அன்போடு இட்டாலும் இலையின் முன் அமர்ந்தவன் திருப்பித் தர இயலாதவன். தெருவில் தட்டை வாங்கியவரோ நாளையே கொடுப்பவராகிறார்.

இந்தச் சமத்துவத்தைச் சில சமயங்கள் விதியாகவே ஏற்படுத்திவைத்திருக்கின்றன. சீக்கியர்களின் குருத்துவாராவில் மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் சேர்த்துக் கிளறும் கடா பிரசாதம், வருவோர் அனைவர்க்கும், அரசனாயினும் தோட்டியாயினும், ஒரே கையால் ஒரே விதமாக இடப்படுகிறது. பசிக்குப் பந்தி தனியே நடக்கிறது. இந்த இனிப்பு பசிக்காக அன்று. நம் பக்கத்திலோ, ரமலான் மாதத்து மாலைகளில் பள்ளிவாசல் வாயிலில் தூக்குவாளியோடு நிற்கும் குழந்தைகளில் நோன்பு நோற்காத வீட்டுக் குழந்தைகளும் இருப்பதைத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பார்க்கலாம். பட்டையும் கிராம்பும் மணக்கும் அந்தக் கஞ்சி, அவர்களுக்கு ஆகாரம் அன்று, ஆசை. ஊற்றுபவர்களும் அதை அறிந்தே ஊற்றுகிறார்கள்.

ஆயினும் தெருவின் தட்டைப் பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டு, அது எந்த வீட்டோடு நின்றுவிட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. ஆசாரம் மிகுந்த வீடுகளில் நீரில் வெந்த சோற்றுக்குப் பத்து என்னும் தீட்டு உண்டு, எண்ணெயில் வெந்த பலகாரத்துக்கு இல்லை. அதனாலேயே சோறு போகாத வீடுகளுக்கும் அதிரசம் போயிற்று. போயிற்றுதான், ஆனால் ஊரின் எல்லை வரையில், சேரிக்குள் நுழைந்ததில்லை, அங்கிருந்து வந்ததுமில்லை. கொல்லைப் புறத்தில் நின்று வாங்கிக்கொண்டவர்களுக்குப் போட்ட பலகாரம் தட்டில் போகவில்லை. ஆகையால் தட்டு திரும்பி வரும் பேச்சுக்கே இடமில்லை. 1978-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் விழுப்புரம் நகரத்திலே 12 தலித் மக்கள் கொல்லப்பட்டார்கள். பலகாரத் தட்டுகளால் அதைத் தடுத்திருக்கலாம் என்று சொல்லும் பேதைமை எனக்கில்லை. ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் ஒருவர் கைப்பண்டத்தை ஒருவர் உண்ணாமலே அருகருகே வாழ்ந்த ஊர்களில் எது சாத்தியமாகிறது என்பதை அது காட்டியது. இந்த இடத்தில்தான் சாமி இல்லாத பன் எனக்கு ஒரு விசேஷமான பண்டமாகத் தெரிகிறது. அதற்கு ஆசாரம் என்று ஒன்றும் இன்னும் ஏற்படவில்லை. யார் செய்யலாம், யாருக்குக் கொடுக்கலாம், எந்தத் திதியில் என்று எந்தக் கிழவியும் விதித்ததில்லை. படையல் பங்கை இன்னாருக்குத்தான் என்று தடுப்பவர்களுக்கும், படைக்காத பண்டத்தைத் தடுப்பதற்குச் சாஸ்திரம் கைவசம் இல்லை. அந்தப் பெண் தன் தட்டை எந்தெந்த வீட்டு வாசல் வரையில் கொண்டு போனாள் என்று நான் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. போகாத வாசல் இருந்தால் அதற்கு அவளால் தெய்வத்தைக் காரணம் காட்ட முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

கைவேலையைப் பிறர் மெச்ச வேண்டும் என்னும் அகங்காரம் இதில் கலந்திருக்குமே என்றும் ஒருவர் கேட்கலாம். கலந்துதான் இருக்கும். அன்னதானக் கூடத்தின் சுவரில் பெயர் பொறித்த சலவைக் கல்லைவிட அது பெரிய குற்றமாக எனக்குத் தெரியவில்லை. தவிர, பன்னைக் கொடுத்தவள் முகத்தெதிரே நின்று, குருமா வாசனை என்ற தீர்ப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சலவைக் கல்லுக்கு அந்தச் சோதனை கிடையாது.

ஆபுத்திரனுடைய கதை மணிபல்லவத்தில் முடிந்துவிடவில்லை. மறுபிறப்பில் அவன் சாவக நாட்டு மன்னன் புண்ணியராசனாகி, மணிமேகலையின் சொற்படி அதே தீவுக்கு வந்து, மணலைத் தோண்டித் தன்னுடைய பழைய உடம்பின் என்பைத் தானே காண்கிறான். கலங்கி நிற்கும் அவனை நாடாளத் திருப்பி அனுப்பும்பொழுது, அறம் என்பது யாதெனில் உயிர்களுக்கு உணவும் உடையும் உறையுளும் அளிப்பதே என்று அவள் எடுத்துரைக்கிறாள். அரசனுக்குச் சொன்ன அறம் ஆகையால், இல்லாதவர்க்கு உரிய மூன்றோடு அவள் நிறுத்திக்கொண்டது முறையே. அவன் ஆண்டது மாரி பிழையாத வளநாடு. அங்கே உண்டு உடுத்து உறைபவர்கள் ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளத்தக்க நான்காவது ஒன்றைக் கூட்டிச் சொல்ல, இக்காப்பியத்தைப் பாடிய சாத்தனார் இசைந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. அவர் பௌத்தர், துன்பத்துக்கு மூலம் என்று தம் ஆசான் காட்டிய இச்சைக்குச் சர்க்கரையிட்டு வளர்ப்பதை அவ்வளவு இலேசில் அறமென்று ஒப்பமாட்டார். இச்சையைத் துன்பத்தின் வேர் என்னாமல் துன்பமென்றே எண்ணி இரங்கிய வடலூர் அடிகளோடு அவர் இவ்விஷயத்தில் நெடுநேரம் வாதாடியிருப்பார்; அந்த வாதத்தை ஒரு மூலையில் அமர்ந்து கேட்க வேண்டும் என்று எனக்கும் ஓர் இச்சை உண்டு.